நிலவேம்பு, வேப்பம்பட்டை, கோரைக்கிழங்கு: மருந்தெதிர்ப்பு மலேரியாவுக்கு எதிராகக் கூட்டாகப் பரிசோதிப்பது எப்படி?

வவுனியா_இறுதியாண்டு:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு மூன்று மூலிகைகளைத் தெரிவு செய்திருக்கிறேன்: நிலவேம்பு, வேப்பம்பட்டை, கோரைக்கிழங்கு. மூன்றும் வன்னியில் கிடைக்கும், மூன்றும் காய்ச்சல் குடிநீர்களில் சேர்பவை. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்துக்கு எதிர்ப்புள்ள பல்சிபாரம் ஒட்டுண்ணியில் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்க்க வேண்டும். சுழல் ஆவியாக்கியும் உறைநிலை உலர்த்தியும் எங்களிடம் உண்டு, ஒட்டுண்ணி வளர்ப்பு இல்லை. அதைக் கொழும்பில் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றுக்குச் சாறுகளை அனுப்புவதாகத் திட்டம். கேள்விகள் இவை. மூன்றையும் 1:1:1 ஆகச் சேர்த்துக் காய்ச்சி ஒரே சாறாக எடுப்பதா, தனித்தனியே எடுத்துப் பிறகு கலப்பதா? கூட்டு தனிச்சாற்றைவிட நன்றாக வேலை செய்தால் அதைக் கூட்டுவிளைவு (ஒன்றையொன்று பலப்படுத்துவது) என்று எழுதலாமா? ஒட்டுண்ணியைக் குழித்தட்டில் சாற்றோடு வளர்க்கும் 72 மணிநேரத் தட்டுச் சோதனை ஒன்றே போதுமா?

தட்டு96:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், திட்டம் உடையக்கூடிய இடம் அதுதான்.

எந்த மருந்துக்கு எதிர்ப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குளோரோகுயின் எதிர்ப்பு என்றால் 72 மணிநேரச் சோதனை போதும். 3டி7 போன்ற உணர்திறன் உள்ள திரிபு ஒன்று, டிடி2 அல்லது கே1 போன்ற எதிர்ப்புத் திரிபு ஒன்று, இரண்டிலும் ஐசி50 (வளர்ச்சியை 50 சதவீதம் தடுக்கும் செறிவு) எடுத்து எதிர்ப்புத் திரிபின் எண்ணை உணர்திறன் திரிபின் எண்ணால் வகுத்தால் எதிர்ப்புச் சுட்டி கிடைக்கும். அது 1க்குப் பக்கத்தில் நின்றால் உங்கள் சாறு குளோரோகுயினின் எதிர்ப்பு வழியில் சிக்கவில்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு தட்டிலும் குளோரோகுயினையும் வையுங்கள். டிடி2இல் அதன் ஐசி50 100 நானோமோலாருக்கு மேலும் 3டி7இல் ஏறக்குறைய 10 முதல் 20க்குள்ளும் வரவேண்டும். டிடி2 திடீரென்று 20 காட்டினால் சாறு அற்புதம் செய்யவில்லை. பக்கத்துக் குடுவையின் 3டி7 உள்ளே புகுந்திருக்கிறது. வளர்ப்பு அறைகளில் இது அடிக்கடி நடக்கும். குளோரோகுயின் எதிர்ப்புக்குக் காரணமான பிஎஃப்சிஆர்டி மரபணுவின் 76ஆம் இடத்தை ஒரு தடவை பிசிஆரில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

ஆனால் இன்றைக்கு உலகம் பயப்படுவது முதன்மை மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினுக்கு வரும் எதிர்ப்புக்கு. மேக்கொங் பகுதியில் தொடங்கியது, இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்திரியாவிலும் அதற்குக் காரணமான கே13 மரபணுப் பிறழ்வுகள் பரவியிருக்கின்றன. அந்த எதிர்ப்பு 72 மணிநேர ஐசி50இல் தெரியவே தெரியாது. கே13 பிறழ்வுள்ள ஒட்டுண்ணி வளைய நிலையில் (செங்குழியத்துக்குள் புகுந்த தொடக்க நிலை) வளர்ச்சியைத் தாழ்த்திக்கொண்டு மருந்து உடைந்துபோகும் வரை தாக்குப்பிடிக்கிறது. 72 மணிநேரமும் மருந்துக்குள்ளேயே வைத்திருந்தால் அந்த வித்தை மறைந்துவிடும். அதற்கு வளையநிலைப் பிழைப்புச் சோதனை வேண்டும்: 0 முதல் 3 மணிநேர வயது வளையங்கள், 700 நானோமோலார் டைஹைட்ரோஆர்ட்டெமிசினினில் (ஆர்ட்டெமிசினினின் செயல்வடிவம்) 6 மணிநேரம், கழுவல், பிறகு 66 மணிநேரம் மருந்தில்லாமல் வளர்ப்பு, பிழைத்தவற்றை எண்ணல். 1 சதவீதத்துக்கு மேல் பிழைத்தால் எதிர்ப்பு. இறுதியாண்டு ஆய்வுக்கு இது பெரிய வேலை. செய்யாவிட்டால் தலைப்பில் ‘மருந்தெதிர்ப்பு’ என்று பொதுவாகப் போடாமல் ‘குளோரோகுயின் எதிர்ப்பு’ என்று மட்டும் போடுங்கள்.

இனிக் கூட்டு. 1:1:1 கலவை தனிச்சாற்றைவிடக் குறைந்த ஐசி50 காட்டினால் அது கூட்டுவிளைவுக்குச் சான்று அல்ல. கலவையின் எண் கூறுகளின் எண்களுக்கு இடையில் எங்காவது விழுவது வெறும் கூட்டல். மூன்றில் பலமானதைவிடச் சற்றுக் கீழே விழுந்தாலும் பிழைவரம்பைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. நிலையான விகித முறையைப் பின்பற்றுங்கள், இரண்டிரண்டாக: 5:0, 4:1, 3:2, 2:3, 1:4, 0:5. மூன்று சோடி முடிந்த பிறகே மும்மைக் கலவை.

ஓர் எடுத்துக்காட்டு. அ சாற்றின் ஐசி50 மில்லிலீற்றருக்கு 12 மைக்ரோகிராம், ஆ சாற்றினது 20 என்று வையுங்கள். உச்சச் செறிவாக அதன் 8 மடங்கை எடுங்கள், அதாவது 96உம் 160உம். 3:2 கலவையின் உச்சக் குழியில் அ 57.6, ஆ 64. இரண்டிரண்டாக ஐதாக்கும்போது வெறும் கூட்டலாக இருந்தால் எந்த விகிதத்திலும் 50 சதவீதத் தடை 8 மடங்கு ஐதாக்கலில், அதாவது நான்காவது குழியில் வரும். 16 மடங்கு ஐதாக்கிய பிறகும் 50 சதவீதத் தடை இருந்தால் அங்கே அ 3.6, ஆ 4. 3.6ஐ 12ஆல் வகுத்தால் 0.3, 4ஐ 20ஆல் வகுத்தால் 0.2, கூட்டினால் 0.5. பின்னத் தடைச் செறிவுக் கூட்டுத்தொகை என்பது இதுதான். கண்டிப்பானவர்கள் 0.5 வரைக்கும்தான் கூட்டுவிளைவு என்பார்கள். 4க்கு மேல் போனால் முரண்விளைவு, நடுவில் உள்ளதெல்லாம் ‘இடைவினை இல்லை’. 0.8ஐ எல்லையாக எடுத்த மலேரியாக் கட்டுரைகளும் உண்டு. இரண்டு மடங்கு ஐதாக்கலில் ஒரு குழி தள்ளினாலே எண் இரட்டிப்பதால் 0.8ஐ வைத்துக் கொண்டாட எனக்கு மனமில்லை. எந்த எல்லை என்பதைத் தட்டுப் போடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

ஒரு போலிக் கூட்டும் வையுங்கள்: அ சாற்றையே இரண்டு புட்டிகளில் ஊற்றி அ, ஆ என்று பெயரிட்டு மேற்சொன்ன ஆறு விகிதத்திலும் போடுங்கள். விடை 1 வரவேண்டும். 0.7 வந்தால் குழாயி பிடிக்கும் கையிலோ ஐதாக்கும் முறையிலோ கோளாறு.

சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பானைக் கணக்குப் பார்க்க மறக்கவேண்டாம். தாய்க்கரைசல் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்றால் 96 மைக்ரோகிராமுக்கு 0.48 சதவீத டிஎம்எஸ்ஓ போகும். அதே செறிவில் ஆ சாற்றை எடுத்தால் 160க்கு 0.8 சதவீதம், ஒட்டுண்ணி அதிலேயே வாடத் தொடங்கும். ஆவை 40 மில்லிகிராமில் கரையுங்கள், 0.4இல் நிற்கும். எல்லாக் குழியிலும் 0.5ஐத் தாண்டக்கூடாது. சாறில்லாக் கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்கவேண்டும்.

காட்டுப்பாலை:
தட்டுக்கு வரமுதல் செடி சரியோ எண்டு பாருங்கோ தம்பி, அல்லது தங்கச்சி.

நிலவேம்பு எண்டு இலங்கை மருந்துக்கடையளில ரெண்டு செடி விக்கிறாங்கள். ஒண்டு அந்திரோகிராஃபிஸ் பனிகுலேற்றா, மற்றது மன்றோனியா பின்னாற்றா, சிங்களத்தில பின்கொகொம்ப எண்டு சொல்லுறது. பின்னது வேம்புக் குடும்பம், விலையும் கூட. அதால முன்னதைக் கலந்து விக்கிறதும் நடக்குது. ரெண்டின்ர வேதியியலும் வேற வேற. கடையில தூளாக வாங்கினால் என்ன கிடைச்சதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உயிர்ச்செடியா எடுங்கோ, பூவோட ஒரு கிளையை அழுத்திக் காயவைச்சுப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில அடையாளம் உறுதிப்படுத்தி, மாதிரி இலக்கம் வாங்குங்கோ. அந்த இலக்கம் இல்லாமல் நல்ல சஞ்சிகை ஒண்டும் கட்டுரையைத் தொடாது. மேலதிகமா மென்படை நிறப்பகுப்பு ஓட்டிப் பாருங்கோ. குளோரோபோமும் மெதனோலும் 9:1, பக்கத்தில அந்திரோகிராஃபிஸின்ர கசப்புச் சத்தான தூய அந்திரோகிராஃபோலைட்டுப் புள்ளி. அந்தப் புள்ளி உங்கட சாற்றில இல்லையெண்டால் வேற செடி.

நிலவேம்பைப் பூக்கத் தொடங்கேக்க வெட்டுங்கோ. காய் முத்தினால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும், கசப்புச் சத்துக் கூடுதலா இலையிலதான் இருக்கு.

கோரைக்கிழங்கிலதான் பெரிய சிக்கல். வயல் வரம்பில கிண்டினால் சுகமாக் கிடைக்கும், ஆனா அங்க களைநாசினி அடிச்சிருப்பினம். கிளைபோசேற் அடைக்கிற சிக்கிமேற் வழி மலேரியா ஒட்டுண்ணியிலயும் இருக்குது. உயர்ந்த செறிவில கிளைபோசேற் வளர்ப்பில உள்ள பல்சிபாரத்தை நிறுத்துது எண்டு 1998இலயே காட்டினவை. கிழங்கில ஒட்டியிருக்கிற மிச்சம் அந்த அளவுக்கு வராது எண்டாலும், கேள்வி கேக்கிறவைக்கு மறுமொழி இருக்கவேணும். விதைப்பு நிண்டு கனகாலமான காணியில கிண்டுங்கோ, மண் போகத் தேய்ச்சுக் கழுவி, மயிர்வேரைப் பொசுக்காமல் கத்தியால சீவுங்கோ. கடைக்காரர் நெருப்பில வாட்டி எடுக்கிறவை, அதில வாசனை எண்ணெய் போயிடும்.

வேப்பம்பட்டைக்கு மரத்தைச் சுத்தி உரிக்கவேண்டாம், மரம் பட்டுப்போகும். வெட்டின கிளையில எடுங்கோ. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் காட்டோரம் போறதெண்டால் வனத்திணைக்கள அனுமதியோட போங்கோ, மிதிவெடிப் பலகை இருக்கிற இடத்தில மூலிகை தேடவேண்டாம். இதைச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைப்பியள், ஆனாப் பழைய காவலரண் மண்ணணையில செடி செழிப்பா நிக்கும், கண் அங்கதான் போகும்.

நிழலில உலர்த்தல், 40 பாகைக்கு மேல சூடு வேண்டாம், ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழ வந்தாப் பிறகு அரையுங்கோ. 100 கிராம் தூளுக்கு 70 சதவீத எதனோல் 1 லீற்றர், குலுக்கியில 72 மணிநேரம், வட்மன் முதலாம் இலக்கத் தாளில வடிச்சு 40 பாகையில ஆவியாக்கல். 8 முதல் 15 கிராம் வந்தால் வழமைதான். மூட்டை மூட்டையா வெட்டவேண்டாம். உச்சச் செறிவு மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம், குழிக்கு 200 மைக்ரோலீற்றர் எண்டால் குழிக்கு 20 மைக்ரோகிராம்தான் செலவு. நூறு மில்லிகிராம் அனுப்பினாலே காணும். மிச்சத்தை மறை 20 பாகையில வையுங்கோ.

வவுனியா_இறுதியாண்டு:
இருவருக்கும் நன்றி (தங்கச்சிதான்). சேர்த்துக் காய்ச்சுவது பற்றி இன்னும் தெளிவில்லை. சித்த முறையில் எல்லாம் ஒரே சட்டியில்தானே? இன்னொன்று: நிலவேம்பு எதனோல் சாறு கடும் பச்சையாக இருக்கிறது. கொழும்பில் சைபர் கிரீன் முறையில் (ஒட்டுண்ணியின் டிஎன்ஏயில் ஒட்டி ஒளிரும் சாயம்) ஒளிர்வை அளப்பார்களாம். பச்சையம் இடைஞ்சல் தராதா?

கருஞ்செங்குழியம்:
தரும். பச்சையம் தானும் ஒளிரும், சைபர் கிரீனின் ஒளியையும் விழுங்கும். எந்தப் பக்கம் இழுக்கும் என்பது செறிவைப் பொறுத்தது. 485 நானோமீற்றரில் தூண்டி 530இல் வாசிக்கும்போது பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வு பெரும்பாலும் வடிகட்டப்படும், விழுங்குவதுதான் கூடிய தொல்லை. ஒளி குறைந்தால் இயந்திரம் ‘ஒட்டுண்ணி குறைந்தது’ என்று படிக்கும், உங்கள் சாறு இருப்பதைவிடப் பலமாகத் தெரியும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சாறில்லாமல் 72 மணிநேரம் வளர்ந்த ஒட்டுண்ணிக் குழியில், வாசிப்பதற்குச் சற்று முன் சிதைப்புக் கரைசலோடு சேர்த்துச் சாற்றை ஊற்றுங்கள். ஒளி விழுந்தால் அது முழுக்கப் போலித் தடை. அந்தச் செறிவுக்கு மேற்பட்ட குழிகளை நம்பவேண்டாம். அல்லது ஆவியாக்கிய பிசினை 90 சதவீத மெதனோலில் கரைத்து ஹெக்சேனோடு மூன்று தடவை குலுக்கினால் பச்சையத்தில் பெரும்பகுதி மேல்படைக்குப் போகும். மேல்படையையும் எறியாமல் தனியாகச் சோதியுங்கள். கோரையின் எண்ணெய்க் கூறுகள் அங்கேதான் இருக்கும்.

பச்சையத்தைவிட மோசமானவை தனினும் சபோனினும். வேப்பம்பட்டையில் தனின் நிறைய. அது ஊடகத்தின் புரதத்தைப் படியவைக்கும், செங்குழியச் சவ்வில் ஒட்டும், ஒட்டுண்ணி புதிய குழியத்துக்குள் நுழைய முடியாமல் போகும். இது மருந்து வேலை அல்ல. சபோனின் செங்குழியத்தையே உடைக்கும், வீடு இடிந்தால் குடியிருப்பவனும் சாவான், அவ்வளவே. எனவே ஒட்டுண்ணியில்லாத செங்குழியத்தில் அதே செறிவுகளைப் போட்டு, மேல்நீரை 540 அல்லது 550இல் வாசித்துக் குருதியுடைவைப் பாருங்கள். ஐசி50 செறிவில் 5 சதவீதத்துக்கு மேல் உடைந்தால் அந்த ஐசி50ஐக் கட்டுரையில் போடாதீர்கள். பொலிவினைல்பொலிபிரோலிடோன் தூளோடு சாற்றைக் கலக்கி வடித்தால் தனின் குறையும். அதற்கு முன்னும் பின்னும் எண் எவ்வளவு மாறுகிறது என்பதே நல்ல தகவல்.

நீர்ச்சாறுக்கு இன்னொரு பொறி: அமிலத்தன்மை. பட்டைக் குடிநீர் ஊடகத்தைப் புளிக்க வைக்கும். ஊடகத்தின் புளிப்பைக் காட்டும் நிறமியான பீனோல் சிவப்பு மஞ்சளாகிவிட்ட குழியில் ஒட்டுண்ணி செத்தது புளிப்பாலா மருந்தாலா என்று பிரிக்க முடியாது. உச்சச் செறிவில் பிஎச் 7.2 முதல் 7.4 வரை நிற்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

கொழும்பு ஆய்வுகூடத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்: வளையநிலை, சோர்பிற்றோல் 5 சதவீதத்தால் ஒருநிலைப்படுத்தியது, தொற்று வீதம் 0.5 சதவீதம், குருதிக்கன அளவு 2 சதவீதம், 5 சதவீத ஒட்சிசன். எழுத்தில் வாங்குங்கள். கூடிய தொற்று வீதத்தோடு தொடங்கினால் ஐசி50உம் ஏறும். செங்குழியம் ஒரே கொடையாளியினதா, டொக்சிசைக்கிளின் போன்ற மருந்து அண்மையில் எடுத்தவரா என்பதும் முக்கியம். எந்த எண்ணை நம்புவது என்று தயங்கினால், ஐசி50 செறிவுக் குழியிலிருந்து கீம்சா சாயமிட்ட மென்படலம் ஒன்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சுருங்கிக் கறுத்த ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

தட்டு96:
சேர்த்துக் காய்ச்சுவது பற்றி. இரண்டையும் செய்யுங்கள், இரண்டும் வேறு வேறு கேள்வி. தனித்தனியாக எடுத்துக் கலப்பது ‘இந்தச் சாறுகள் ஒன்றுக்கொன்று உதவுகின்றனவா’ என்பதற்கு விடை தரும், மேலே சொன்ன கணக்கு அதற்கு மட்டுமே பொருந்தும். ஒரே சட்டியில் காய்ச்சும்போது தனின் மற்றப் பொருட்களோடு சேர்ந்து அடியில் வண்டலாகப் படியும், ஒன்றின் சபோனின் இன்னொன்றின் நீரில் கரையாப் பொருளைக் கரைத்தெடுக்கும். ஆகவே கூட்டுக் குடிநீர் என்பது நான்காவது சாறு, அதற்குத் தனி ஐசி50. அதைப் பின்னக் கணக்கில் சேர்க்க முடியாது. எட்டிலொன்றாக வற்றவைத்தால் வண்டலை வடித்து எறியாமல் உலர்த்தி நிறுத்துச் சோதியுங்கள். நிலவேம்பின் கசப்பு அங்கே போய்விட்டதா என்று மென்படைத் தட்டு சொல்லும்.

விகிதத்தை உலர்தூள் நிறையில் சொல்கிறீர்களா, உலர்சாற்று நிறையில் சொல்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள். பட்டை 12 சதவீதமும் கிழங்கு 6 சதவீதமும் சாறு தந்தால் சட்டியில் 1:1 என்பது சாற்றில் 2:1.

இன்னொரு சோதனைக் கணக்கு. 2011இல் இந்தியாவில் செய்த ஆய்வொன்றில் தூய அந்திரோகிராஃபோலைட்டின் ஐசி50 9.1 மைக்ரோமோலார், அதாவது மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 3.2 மைக்ரோகிராம். உங்கள் சாற்றில் அது 10 சதவீதம் இருந்தால் அதனால் மட்டும் வரவேண்டிய எண் 32. கையில் 30 வந்தால் வேலை செய்வது அதுதான். 8 வந்தால் வேறேதோ உதவுகிறது, அல்லது மேலே கருஞ்செங்குழியம் சொன்ன போலிகளில் ஒன்று நுழைந்திருக்கிறது. 200 வந்தால் ஏதோ எதிர்க்கிறது. இந்தக் கணக்குக்குத் தேவை ஓர் உயர்வினைத்திறன் நிறப்பகுப்பு மட்டுமே, ஒட்டுண்ணி தேவையில்லை. வவுனியாவிலேயே முடிக்கலாம்.

குடிநீர்ச்சட்டி:
மிளகு சேர்க்காமல் இதெல்லாம் எப்படி வேலை செய்யும்? நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, மிளகும் சுக்கும் அதில் உண்டு. இந்த மூன்று மூலிகையை மட்டும் சோதித்துவிட்டு ‘பலனில்லை’ என்று எழுதினால் அது குடிநீருக்குச் செய்யும் அநியாயம்.

கருஞ்செங்குழியம்:
நியாயமான கேள்வி, ஆனால் இந்தத் தட்டில் விடை கிடைக்காது. மிளகின் பிப்பரின் குடலிலும் ஈரலிலும் வேலை செய்து, சிவைபி3ஏ4 நொதியையும் பி கிளைக்கோப்புரதத்தையும் தடுத்து, மற்றப் பொருட்கள் உடலில் கூடுதல் நேரம் நிற்க உதவுகிறது. தட்டில் குடலும் இல்லை ஈரலும் இல்லை. எனவே மிளகு சேர்த்துத் தட்டில் மாற்றம் வராவிட்டால் மிளகு வீண் என்று பொருளில்லை. மறுபுறம், வேம்பின் கெடுனின் குழாயில் நன்றாக வேலை செய்து எலியில் ஏமாற்றிய பொருள், ஈரல் அதை விரைவில் உடைப்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கேதான் மிளகுக்கு இடம் இருக்கலாம். அது எலிச் சோதனைக்குரிய கேள்வி: எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியான பேர்கை, நான்கு நாள் தடைச் சோதனை, நெறிமுறைக் குழு அனுமதி. இறுதியாண்டுக்கு வேண்டாம்.

அதே காரணத்துக்காக ஓர் எச்சரிக்கை. மலேரியா மருந்தான லூமிபான்றினும் சிவைபி3ஏ4ஆல்தான் உடைகிறது. ஆர்ட்டெமீதர் லூமிபான்றின் எடுப்பவருக்கு மிளகுக் குடிநீரும் கொடுத்தால் குருதியில் மருந்தளவு மாறக்கூடும். இலங்கை 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லாமல் இருந்து 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. இப்போது வருவது வெளிநாட்டிலிருந்து திரும்புவோரின் காய்ச்சல், பல்சிபாரம் என்றால் ஓரிரு நாளில் மோசமாகும். அவர்களுக்குக் குருதிப் பரிசோதனையும் அரச வைத்தியசாலையும்தான் வழி. ஆய்வின் முன்னுரையில் ‘மலேரியாவுக்குக் குடிநீர்’ என்று ஊக்கப்படுத்தும் வரி எதுவும் வேண்டாம்.

காட்டுப்பாலை:
மூண்டுக்குப் பதிலா வேற மூலிகை தேடுற ஆக்களும் இதை வாசிப்பினம், அவைக்கு: ஆடுதீண்டாப்பாளை வன்னியில தாராளம், பழைய காய்ச்சல் மருந்துகளிலயும் இருக்கு. தட்டில நல்ல எண் காட்டினாலும் அதைத் தூக்காதேங்கோ. அரிஸ்ரோலொக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிற பாடு போதும். காஞ்சிரை விதையும் அப்படித்தான், ஸ்றிக்னின். எந்தச் செடியெண்டாலும் வீரோ (குரங்குச் சிறுநீரகம்) அல்லது ஹெப்ஜி2 (மனித ஈரல்) கலத்தில நச்சுத்தன்மை பார்த்து, அந்த எண்ணை ஐசி50ஆல வகுங்கோ. 10க்குக் கீழ நிண்டால் அது ஒட்டுண்ணியையும் கொல்லுது, ஆளையும் கொல்லுது. கூட்டுக்கும் தனியாப் பாருங்கோ. நச்சிலயும் கூட்டுவிளைவு வரும்.

வவுனியா_இறுதியாண்டு:
புரிந்தது. நிலவேம்பு–வேம்பு, நிலவேம்பு–கோரை என்று இரண்டு சோடி மட்டும் எடுத்து, குடிநீரை நான்காவது சாறாக வைக்கிறேன். அனுப்பும்போது கவனிக்க ஏதாவது?

தட்டு96:
பிசினாக அனுப்பவேண்டாம், ஈரம் குடித்து நிறை மாறிவிடும். எதனோல் முழுக்கப் போனபின் உறைநிலை உலர்த்தித் தூளாக்கி, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் 50 மில்லிகிராம் வீதம், சிலிக்கா ஜெல் பையோடு மூடி ஒட்டுங்கள். சாற்றின் பெயர் எழுதாமல் குறியீடு மட்டும் போடுங்கள். போலிக் கூட்டுக்கான இரண்டு குப்பிக்கும் வெவ்வேறு குறியீடு, ஒரு குப்பியில் சாறே இல்லாத வெறும் மோல்ட்டோடெக்ஸ்ரின் மாத்தூள். வாசிப்பவருக்கு எது எது என்று தெரியக்கூடாது. டிஎம்எஸ்ஓவில் கரைத்து 10,000 சுழற்சியில் 5 நிமிடம் சுழற்றி, அடியில் கரையாமல் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நிறுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். வேப்பம்பட்டையில் கட்டாயம் மிஞ்சும். அதைக் கழிக்காமல் போட்ட செறிவு எல்லாம் தப்பு.